பிள்ளையின் நஃபகாவும் அரசின் பிடித்தமும்: பிரித்தானிய அனுபவம்

இமாம் அபுல் ஹஸன் அல்மாவர்தீ (மறைவு ஹிஜ்ரி 450, கி.பி. 1058) தம் 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' நூலில் 'மழாலிம்' எனப்படும் முறையீட்டு மன்றத்துக்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அம்மன்றத்தின் பொறுப்பாளர் கவனிக்க வேண்டிய பத்து அலுவல்களை அதில் வரிசைப்படுத்துகிறார். நான்காவது அலுவல், பொதுக் கருவூலத்திலிருந்து படி பெறுவோர், அது குறைத்துத் தரப்படுகிறது அல்லது காலந்தாழ்த்தித் தரப்படுகிறது என்று கொண்டுவரும் முறையீட்டை விசாரிப்பது. ஏழாவது, காழி தீர்ப்பளித்த பின்னும் எதிரியின் செல்வாக்குக் காரணமாக நிறைவேறாமல் கிடக்கும் தீர்ப்பை நிறைவேற்றி வைப்பது. இந்நூலை மாணவர்களுக்கு நடத்துகையில் இவ்விரண்டையும் அப்பாஸிய காலத்துச் செய்தி என்ற அளவில் விரைந்து கடந்து செல்வதே நெடுநாள் நம் வழக்கமாக இருந்தது. பிரித்தானிய நாடாளுமன்றக் குழுக்களின் அறிக்கைகள் சிலவற்றைப் படிக்க நேர்ந்த பின்னர்தான் அவ்விரு பத்திகளிலும் நின்று நிதானிக்கத் தோன்றியது. ஏழைக்குத் தரும் நலத்தொகையில் அரசு செய்யும் பிடித்தம், பிரிந்து சென்ற தந்தையிடமிருந்து பிள்ளையின் பராமரிப்புத் தொகையை வசூலித்தல் ஆகிய இரண்டும் அந்நாட்டில் ஒரே அமைச்சகத்தின் கையில் இருக்கின்றன. வேலை மற்றும் ஓய்வூதியத் துறை என்பது அதன் பெயர். அத்துறையை மேற்பார்க்கும் ஏற்பாடுகளும், அவற்றையும் மீறி நேர்ந்த தவறுகளும் ஆராயத்தக்கவை.

நீதிமன்றத்திலிருந்து அலுவலகத்துக்கு

1990களுக்கு முன் பிரித்தானியாவில் பிள்ளைப் பராமரிப்பைத் தீர்மானித்தவை நீதிமன்றங்களே. ஒரு மன்றம் விதித்த தொகைக்கும் அடுத்த மன்றம் விதித்த தொகைக்கும் பொருத்தம் இராது. விதித்த தொகையும் ஒழுங்காகக் கைக்கு வாராது. தந்தை தராதபோது தாய் அரசின் நலத்தொகையை நாடினாள். கருவூலத்தின் சுமை பெருகியது. இந்நிலையில் 1991ஆம் ஆண்டு சைல்ட் சப்போர்ட் சட்டம் இயற்றப்பட்டு, 1993 ஏப்ரலில் சைல்ட் சப்போர்ட் ஏஜென்சி என்னும் முகமை பணி தொடங்கியது. இனி நீதிபதியின் விருப்பத் தீர்மானம் இல்லை. சூத்திரம் ஒன்று உண்டு, அதன்படி கணக்கிட்டு அலுவலரே வசூலிப்பார் என்பது ஏற்பாடு.

பிள்ளையின் நலன் பற்றிய சட்டமாக அறிவிக்கப்பட்ட இது, நடைமுறையில் யாருக்குப் பயன்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். வருமான உதவித்தொகை பெற்றுவந்த தாய்க்காகத் தந்தையிடம் ஒரு பவுண்டு வசூலானால், அவளுடைய உதவித்தொகையில் ஒரு பவுண்டு குறைக்கப்பட்டது. தந்தை கொடுத்தார், கருவூலம் மிச்சப்படுத்தியது; பிள்ளையின் தட்டில் ஒரு கவளமும் கூடவில்லை. இதனினும் கடுமையான ஒன்றும் இருந்தது. உதவித்தொகை பெறும் தாய், தந்தை யாரென்று தெரிவித்து ஒத்துழைக்க வேண்டும். தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு நேரும் என்று அஞ்சத் தக்க காரணம் இன்றி மறுத்தால் அவளுடைய தொகை வெட்டப்படும். 1996க்குப் பின் அந்த வெட்டு வயதுவந்தோர்க்கான அடிப்படைப் படியில் 40 சதவீதம் வரை உயர்ந்தது.

இக்கட்டாயம் 2008இல் நீக்கப்பட்டது. தந்தை தரும் தொகையைத் தாயின் நலத்தொகையில் கழித்துக்கொள்ளும் வழக்கம் படிப்படியாகத் தளர்ந்து, 2010 ஏப்ரலில் முற்றிலும் ஒழிந்தது. அதாவது, பிள்ளைக்காக வசூலாகும் பணம் முழுவதும் பிள்ளைக்கே சேர வேண்டும் என்னும் எளிய முடிவுக்கு வந்துசேர அந்நாட்டுக்கு 17 ஆண்டுகள் பிடித்தன. இதை நாம் ஏளனமாகச் சொல்லவில்லை. பொதுக் கருவூலத்தைக் காக்கும் நோக்கமும் பிள்ளையைக் காக்கும் நோக்கமும் ஒரே அலுவலகத்தில் ஒன்றாக அமரும்போது முதலாவதே மேலோங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

முகமையின் நிர்வாகமோ தொடக்கத்திலிருந்தே தடுமாறியது. சூத்திரம் சிக்கலானது, தகவல் திரட்ட மாதக்கணக்கில் பிடித்தது. 2003இல் சூத்திரம் எளிமையாக்கப்பட்டு, நிகர வருமானத்தில் ஒரு பிள்ளைக்கு 15, இரண்டுக்கு 20, மூன்றும் அதற்கு மேலும் எனில் 25 சதவீதம் என்றாயிற்று. ஆனால் அதற்கென நிறுவிய கணினி அமைப்பு சரிவர இயங்கவில்லை. பழைய வழக்குகள் பழைய சூத்திரத்திலும் புதிய வழக்குகள் புதிய சூத்திரத்திலும் அருகருகே ஓடின. 2006இல் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டபோது, ஒரு பவுண்டைப் பிள்ளையின் கையில் சேர்க்க 70 பென்ஸ் செலவாவது தெரியவந்தது. அதே ஆண்டு சர் டேவிட் ஹென்ஷா அளித்த அறிக்கை முகமையையே கலைக்கப் பரிந்துரைத்தது. அதன் இடத்தில் 2012 இறுதியில் வந்ததே இன்றுள்ள சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸ்.

உரிமை யாருடையது?

இவ்வரலாற்றில் நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது 2005ஆம் ஆண்டு பிரபுக்கள் அவை வழங்கிய ஒரு தீர்ப்பு. நான்கு பிள்ளைகளின் தாய் ஒருவர், முகமை ஆண்டுக்கணக்கில் நிலுவையை வசூலிக்கத் தவறியதால், தாமே நீதிமன்றம் சென்று வசூலிக்கும் உரிமை கோரினார். பெரும்பான்மை நீதிபதிகள் மறுத்துவிட்டனர். 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வசூலிக்கும் அதிகாரம் அமைச்சருக்கு மட்டுமே உண்டு. தாய் விண்ணப்பிக்கலாம், முறையிடலாம், நேரடியாக வசூலிக்க முடியாது என்றனர். நீதிபதி லேடி ஹேல் மட்டும் மாறுபட்டு, இது அடிப்படையில் பிள்ளையின் உரிமை, அரசு அதை நடைமுறைப்படுத்தும் கருவி மாத்திரமே என்ற நிலைப்பாட்டிலிருந்து எழுதினார்.

இத்தீர்ப்பைப் படிக்கும் அரபுக் கல்லூரி ஆசிரியர் எவருக்கும் ஹிந்த் பின்த் உத்பா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் போகாது. கணவர் அபூ ஸுஃப்யான் தமக்கும் பிள்ளைக்கும் போதுமான அளவு தருவதில்லை என்று அவர் முறையிட்டபோது, கணவரின் பொருளிலிருந்து வழக்கமான அளவில் போதியதை எடுத்துக்கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அது நீதிபதி என்ற நிலையில் அளித்த தீர்ப்பா, மார்க்கத் தீர்வு கூறும் நிலையில் அளித்த ஃபத்வாவா என்று ஃபுகஹாக்கள் நெடிது விவாதித்துள்ளனர். அவ்விவாதத்தின் முடிவு எதுவாயினும், தாய்க்கு நேரடியான வழி ஒன்று அங்கே திறந்தே இருந்தது. பிரித்தானியச் சட்டம் அந்த வழியை மூடி, சாவியை அலுவலகத்திடம் ஒப்படைத்தது. வேறு வழியை மூடிய அரசு, தான் திறந்து வைத்த ஒரே வழியில் விரைந்து நடக்கக் கடமைப்பட்டது அல்லவா? லேடி ஹேலின் கருத்தே நமக்குச் சரியெனப் படுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளையின் நஃபகா கடந்த காலத்துக்கு நிலுவையாக நிற்குமா என்பதில் நம் ஃபிக்ஹு நூல்களின் நிலை, மேலோட்டமாகப் படிப்பவர்கள் எதிர்பார்ப்பது போன்றதன்று. மனைவியின் நஃபகா ஷாஃபிஈ மத்ஹபில் கணவன் மீது கடனாகவே நிலைக்கும். பிள்ளைகள் உள்ளிட்ட உறவினரின் நஃபகாவோ காலம் கடந்தால் விழுந்துவிடும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் பொதுவிதி. பசி தீர்ப்பதற்கே அது கடமையானது. அந்தப் பசி எப்படியோ தீர்ந்து போயிற்று என்பது அதன் தர்க்கம். ஆனால் காழி கடன் வாங்க அனுமதித்துவிட்டால் நிலை மாறும். தாய் தந்தையின் பொறுப்பில் கடன் வாங்கிப் பிள்ளைக்குச் செலவிடலாம். அக்கடன் தந்தையின் கழுத்தில் நிற்கும். 'இஸ்திதானா' என்று இதற்குப் பெயர். பிள்ளை இன்றைக்கே உண்ணும். தந்தையைத் துரத்தும் வேலை பின்னர் நடக்கும்.

இந்தத் தத்துவத்துக்கு மிக அருகில் நிற்பது பிரித்தானியா அன்று, ஜெர்மனி. அங்கே 1980 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி, தந்தை தராவிடில் பராமரிப்புத் தொகையை அரசு முன்பணமாகப் பிள்ளைக்குத் தந்துவிட்டுத் தந்தையிடம் தான் வசூலித்துக்கொள்கிறது. 2017 முதல் இது 18 வயது வரை நீட்டிக்கப்பட்டது. ஸ்வீடனிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. பிரித்தானியா இவ்வழியைத் தேர்ந்துகொள்ளவில்லை. வசூலானால் பிள்ளைக்குக் கிடைக்கும், ஆகாவிடில் கிடைக்காது. வசூலில் நேரும் ஒவ்வொரு தாமதத்தின் சுமையும் அங்கே பிள்ளையின் மீதே விழுகிறது.

நாளொன்றுக்கு 96 பென்ஸ்

இன்றைய முறையில் கணக்கீடு மொத்த வருமானத்தை அடிப்படையாகக் கொண்டது. வாரம் 200 முதல் 800 பவுண்டு வரை வருமானமுள்ள தந்தை ஒரு பிள்ளைக்கு 12, இரண்டுக்கு 16, மூன்றும் அதற்கு மேலும் எனில் 19 சதவீதம் தர வேண்டும். பிள்ளை தந்தையுடன் தங்கும் இரவுகளுக்கேற்பக் குறைப்பு உண்டு. வாரம் 100 பவுண்டுக்கு மேற்படாத வருமானமுள்ளவரும், குறிப்பிட்ட நலத்தொகைகள் பெறுபவரும் நிலைத்தொகையாக வாரம் 7 பவுண்டு தர வேண்டும். 100, 200 என்னும் இவ்வெல்லைகள் 2003ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே இருந்தவை. இடைப்பட்ட காலத்தில் விலைவாசியும் கூலியும் எவ்வளவோ உயர்ந்தும் இவை அசையவில்லை.

இரு பெற்றோரும் தங்களுக்குள் நேரடியாகக் கொடுத்து வாங்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. தந்தை ஒழுங்காகத் தராவிடில் அலுவலகமே வசூலித்துக் கொடுக்கும். 2014 முதல் அதற்கு இரு கட்டணங்கள் உண்டு: கொடுப்பவர் தொகைக்கு மேல் 20 சதவீதம் கூடுதலாகச் செலுத்த வேண்டும், பெறுபவரின் தொகையில் 4 சதவீதம் கழிக்கப்படும். முதலாவது புரிகிறது. வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று நபிமொழி கூறுகிறது. அதற்கொரு சுமை ஏற்றலாம். பெறுபவள் செய்த தவறு என்ன? தந்தை தராத காரணத்தால்தான் அவள் அலுவலகத்தை நாடினாள். அவளிடமும் கழிப்பதற்கு, கட்டணம் இருந்தால் இரு தரப்பும் தாமே உடன்பாட்டுக்கு வர முயல்வர் என்று விளக்கம் தரப்பட்டது.

நலத்தொகையில் வாழும் தந்தையின் கணக்கைப் பாருங்கள். அவருடைய நலத்தொகையிலிருந்து வாரம் 8 பவுண்டு 40 பென்ஸ் பிடிக்கப்படும்: 7 பவுண்டு பிள்ளைக்கு, 1.40 கட்டணம். அந்த 7 பவுண்டில் 28 பென்ஸ் கழிந்து 6.72 தாயிடம் சேரும். நாளொன்றுக்கு 96 பென்ஸ். ஏழைத் தந்தை இழப்பதற்கும் ஏழைத் தாய் பெறுவதற்கும் இடையே வாரந்தோறும் 1.68 பவுண்டு அரசிடம் தங்கிவிடுகிறது.

பிடித்தத்தின் வரிசை

யுனிவர்சல் கிரெடிட் என்னும் ஒருங்கிணைந்த நலத்தொகை 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2013 ஏப்ரலில் தொடங்கியது. முதல் தொகை கைக்கு வர ஐந்து வாரம் ஆகும். அதுவரை உண்ண வழியில்லாதவருக்கு முன்பணம் தரப்படும். அது பின்னர் மாதந்தோறும் பிடிக்கப்படும். ஆகவே பலர் முதல் மாதத்திலேயே அரசுக்குக் கடனாளியாகித் திட்டத்துக்குள் நுழைகின்றனர். இதனோடு பழைய கூடுதல் கொடுப்பனவுகள், வாடகை பாக்கி, எரிவாயு, மின்சாரம், தண்ணீர், உள்ளாட்சி வரி, நீதிமன்ற அபராதம், பிள்ளைப் பராமரிப்பு என்று பல பிடித்தங்கள் வரிசையில் நிற்கும்.

எல்லாவற்றையும் ஒருசேரப் பிடித்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆதலால் உச்சவரம்பு உண்டு. தொடக்கத்தில் அடிப்படைப் படியில் 40 சதவீதம் வரை பிடிக்கலாம் என்றிருந்தது 2019 அக்டோபரில் 30 ஆகவும், 2021 ஏப்ரலில் 25 ஆகவும், 2025 ஏப்ரல் இறுதியில் 15 ஆகவும் குறைந்தது. கடைசிக் குறைப்பால் 12 லட்சம் குடும்பங்கள் சராசரியாக ஆண்டுக்கு 420 பவுண்டு பயனடையும் என்பது அரசின் மதிப்பீடு. 2025-26இல் 25 வயதைக் கடந்த தனிநபரின் அடிப்படைப் படி மாதம் 400 பவுண்டை ஒட்டியது. அதில் 40 சதவீதம் 160 பவுண்டு. 15 சதவீதம் 60 பவுண்டு. ஒரு மனிதன் மாதத்தின் கடைசி வாரத்தில் உண்பானா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் வேறுபாடு இது. வீட்டை விட்டு வெளியேற்றப்படுவதையோ எரிபொருள் துண்டிக்கப்படுவதையோ தடுப்பதற்காகச் சில பிடித்தங்கள் இவ்வரம்பையும் தாண்டலாம் என்பது தனி.

வரம்பு இருந்தால் முன்னுரிமை வரிசையும் வேண்டும். 2013ஆம் ஆண்டு விதிகள் அமைத்த வரிசையில் பிள்ளைப் பராமரிப்பு எங்கே நின்றது தெரியுமா? வாடகை பாக்கி, எரிபொருள், உள்ளாட்சி வரி, அபராதம், தண்ணீர் ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால். முன்னால் நிற்பவை வரம்பை நிரப்பிவிட்டால் பிள்ளைக்குரிய 7 பவுண்டுக்கு இடமே இராது. நம் ஃபுகஹாக்கள் திவாலானவனின் (முஃப்லிஸ்) சொத்தைக் கடன்காரர்களுக்குப் பங்கிடும்போதும், பங்கீடு முடியும் நாள் வரை அவனுக்கும் அவன் பராமரிப்பில் உள்ளோருக்கும் உரிய நஃபகாவை முதலில் எடுத்து வைக்கச் சொன்னதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மற்றொரு விதி இன்னும் கடுமையானது. பழைய நலத்தொகைகளில், அலுவலரின் பிழையால் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, பெற்றவர்மீது குற்றமில்லை எனில், பொதுவாகத் திரும்பக் கேட்க முடியாது. யுனிவர்சல் கிரெடிட்டில் அலுவலகத்தின் சொந்தப் பிழையால் கூடுதலாகத் தந்ததையும் திரும்பப் பிடிக்கலாம். விட்டுக்கொடுப்பது துறையின் விருப்பம். மாவர்தீயின் நான்காவது அலுவலை நாம் நிதானித்துப் படித்தது இந்த இடத்தில்தான். படி குறைந்தது என்ற முறையீடு வந்தால், பொறுப்பாளர் முதலில் திவானைப் பார்த்து நியாயமான அளவை நிலைநாட்ட வேண்டும். கடந்த காலத்தில் குறைந்ததை மேலதிகாரிகள் எடுத்திருந்தால் அவர்களிடமிருந்து மீட்க வேண்டும். அவர்கள் எடுக்கவில்லையெனில் பைத்துல் மாலிலிருந்து ஈடுசெய்ய வேண்டும் என்கிறார் அவர். மாவர்தீ பேசுவது கருவூலப் படி பெறுவோரைப் பற்றி. ஏழைகளுக்கான உதவியைப் பற்றியன்று. இரண்டும் ஒன்றெனச் சொல்வது மிகையாகும். ஆயினும் பதிவேட்டின் பிழையைப் பெறுபவன் தலையில் கட்டக்கூடாது என்னும் பார்வை இரண்டுக்கும் பொருந்தும்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி அபூ உபைத், இப்னு ஸஅத் போன்றோர் பதிவு செய்துள்ள செய்தி பலரும் அறிந்தது. பால்குடி மறந்த குழந்தைகளுக்கே படி என்றிருந்தபோது, படி பெறுவதற்காகத் தாய் ஒருத்தி குழந்தைக்கு முன்கூட்டியே பால் மறக்கடிக்க முயன்றதையும், இரவெல்லாம் அது அழுததையும் அறிந்த அவர்கள், பிறந்த நாள் முதலே படி என்று மாற்றினார்கள். நலத்திட்டத்தின் ஒரு விதி வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதை ஆட்சியாளரே சென்று கண்ட நிகழ்ச்சி அது. பிரித்தானியாவில் 2017 ஏப்ரல் முதல் மூன்றாவது பிள்ளைக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் பிள்ளைப்படி மறுத்த விதியை 2026 ஏப்ரல் முதல் நீக்குவதாக 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அழுகுரல் கேட்க ஒன்பது ஆண்டுகள் ஆயின.

மேற்பார்ப்போர்

இவற்றையெல்லாம் மேற்பார்ப்பவர் யார்? ஒருவர் அல்லர். நாடாளுமன்றத்தின் வேலை மற்றும் ஓய்வூதியக் குழு 2001 முதல் இத்துறையைக் கண்காணித்து வருகிறது. சாட்சியங்கள் கேட்டு அறிக்கை வெளியிடும். அரசு அதற்குப் பதிலளிக்க வேண்டும். ஆயின் ஆணையிடும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. பிள்ளைப் பராமரிப்பைப் பற்றி ஃபிராங்க் ஃபீல்ட் தலைமையில் 2017இலும், ஸ்டீபன் டிம்ஸ் தலைமையில் 2023இலும் இக்குழு தனி அறிக்கைகள் தந்தது. 1861இல் உருவான பொதுக் கணக்குக் குழு, தேசியத் தணிக்கை அலுவலகத்தின் ஆய்வுகளை வைத்துத் துறைச் செயலரையே நேரில் கேள்வி கேட்கும். துறையின் ஆண்டுக் கணக்கு, மோசடியும் பிழையும் காரணமாக 1988-89 முதல் குறைக்குறிப்புடனேயே சான்றளிக்கப்பட்டு வருகிறது. புகார்களை விசாரிக்க 1997இல் அமைத்த சுயேச்சை விசாரணையாளர் உண்டு; அதற்கு மேல் நாடாளுமன்ற முறைமன்ற நடுவர் உண்டு; அவரை அணுக உறுப்பினர் ஒருவரின் வழியாகவே போக வேண்டும்.

இத்தனை இருந்தும் முகமை 1993 முதல் தடுமாறியது எப்படி என்று கேட்கலாம். குழுக்கள் குறையைக் கண்டுபிடிக்கத் தவறவில்லை என்பதே உண்மை. தவறாமல் கண்டன, அச்சிட்டன, கண்டித்தன. ஆனால் கண்டனத்துக்கும் ஒரு தாயின் வங்கிக் கணக்குக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்கும் கருவி அவற்றிடம் இல்லை.

மாற்றத்தைச் சில வேளைகளில் நீதிமன்றங்கள் கொண்டுவந்தன. 2021இல் உயர் நீதிமன்றம், அபராதத்துக்காக நலத்தொகையில் உச்ச அளவையே இயந்திரம்போல் பிடிக்கும் கொள்கை சட்டவிரோதம் என்றது. பிடிப்பவர் ஆளுக்கேற்ற அளவைச் சிந்திக்கக் கடமைப்பட்டவர். 2022இல் மற்றொரு வழக்கில், எரிபொருள் மற்றும் தண்ணீர் பாக்கிக்காக நலத்தொகையில் பிடிக்கும் முன் பயனாளியின் சொல்லைக் கேட்க வேண்டும் என்றது. 2023இல் மேல்முறையீட்டு மன்றமும் அதை உறுதி செய்தது. எதிர்த்தரப்பின் சொல்லைக் கேளாமல் தீர்ப்பளிக்காதே என்று அலீ (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்புகையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய விதி இதுவே. கணினித் திரையில் ஒரு பொத்தானை அழுத்தி ஏழையின் மாதப் படியைக் குறைக்கும் அலுவலரும், அந்த நேரத்துக்கு ஒரு காழிதான்.

வசூலின் வாள்

தரமறுக்கும் தந்தைக்கு எதிரான கருவிகள் ஏட்டில் குறைவில்லை. சம்பளத்திலிருந்து நேரடிப் பிடித்தம் (நிகர ஊதியத்தில் 60 சதவீதம் அவருக்குப் பாதுகாக்கப்படும்), வங்கிக் கணக்கிலிருந்து பிடித்தம், நீதிமன்றத்தின் பொறுப்பாணை, அதன்வழி ஜப்தி, வீட்டின்மேல் பற்று, ஓட்டுநர் உரிமம் பறித்தல், 2018 இறுதி முதல் கடவுச்சீட்டு முடக்கம், இறுதியாக ஆறு வாரம் வரை சிறை. சிறை என்பது வேண்டுமென்றே மறுத்தவருக்கோ குற்றமான அலட்சியம் காட்டியவருக்கோ மட்டுமே. வசதியுள்ள கடனாளியைச் சிறையிடலாம், இல்லாதவனுக்கு அவகாசம் தர வேண்டும் என்று நம் நூல்கள் வகுக்கும் கோடும் இதுவே.

வாள் உண்டு, உறையிலிருந்து எடுக்கத்தான் நாளாகிறது. 2022 ஜூனில் பொதுக் கணக்குக் குழு வெளியிட்ட அறிக்கையின்படி, பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர், அதாவது 18 லட்சம் பேர், உடன் வாழாத பெற்றோரிடமிருந்து எதையும் பெறவில்லை. இப்போதைய முறையில் சேரும் நிலுவை 2031 மார்ச்சுக்குள் 100 கோடி பவுண்டை எட்டும் என்று தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு மதிப்பிட்டது. பழைய முகமை விட்டுச் சென்ற நிலுவை தனிக்கதை. 2017இல் அது சுமார் 370 கோடி பவுண்டு. 2018 இறுதியில் வந்த விதிகள் அதைப் பெருமளவு தள்ளுபடி செய்ய வழிவகுத்தன. சிறு தொகைகள் தாயைக் கேளாமலும், பெரியவை அவளுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்ட பின்னும். கடனை மன்னிக்கும் உரிமை (இப்ரா) கடன் கொடுத்தவருக்கே உரியது. பிள்ளையின் பொருளை அதன் காப்பாளர்கூட விட்டுக்கொடுக்க முடியாது என்பதை மாணவப் பருவத்திலேயே படித்த நமக்கு, அலுவலகம் தன் பதிவேட்டைத் துப்புரவு செய்ய எடுத்துக்கொண்ட இந்த உரிமையை ஏற்க மனம் வரவில்லை. அதற்குள் அப்பிள்ளைகளில் பலர் வளர்ந்து தாங்களே பெற்றோராகியிருப்பர்.

பிரித்தானியாவில் வாழும் நம் சமுதாயத்தவர் அறிய வேண்டிய செய்தி ஒன்று. நிகாஹ் மட்டும் செய்து, அரசிடம் திருமணத்தைப் பதிவு செய்யாமல் வாழ்ந்து பிரியும் பெண்ணுக்கு, மனைவி என்ற முறையில் சொத்துப் பங்கீட்டு உரிமைகள் அந்நாட்டுச் சட்டத்தில் கிடைப்பது மிகக் கடினம். ஆனால் பிள்ளைப் பராமரிப்பு பெற்றோரின் திருமணத்தைச் சார்ந்ததன்று. தந்தை என்பது நிலைநாட்டப்பட்டால் போதும். அங்குள்ள ஷரீஅத் கவுன்சில்கள் அறிவுரை கூறலாம்; வசூலிக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. தந்தை நாட்டைவிட்டு வெளியேறிவிட்டால் பெரும்பாலும் அலுவலகத்தின் அதிகாரமும் நின்றுவிடும். நீதிமன்ற வழியைத்தான் நாட வேண்டும். வளைகுடாவுக்கோ தாயகத்துக்கோ சென்றுவிடும் தந்தையரைப் பொறுத்தவரை இது சிறிய விஷயமன்று.

2023இல் இரு சட்டங்கள் வந்தன. ஒன்று, நீதிமன்றம் செல்லாமல் அலுவலகமே பொறுப்பாணை பிறப்பிக்க வழி செய்வது. மற்றது, வன்முறைக்கு ஆளானவர் முன்னாள் துணைவரோடு நேரடிக் கொடுக்கல் வாங்கலில் ஈடுபட வேண்டியதில்லை என்பது. 20 பவுண்டு விண்ணப்பக் கட்டணம் 2024 பிப்ரவரியில் நீங்கியது. 2025 ஜூனில் அரசு, நேரடிக் கொடுப்பு முறையை நீக்கி எல்லா வழக்குகளையும் தன் கண்காணிப்பிலேயே வைக்கும் திட்டத்தை அறிவித்தது. வாரம் 100 பவுண்டு தர வேண்டிய தந்தை வசூல் முறையில் 120 செலுத்த, தாயிடம் 96 சேர்வது இதுவரையுள்ள கணக்கு. புதிய திட்டத்தில் ஒழுங்காகத் தருபவர் 102 செலுத்துவார்; தாயிடம் 98 சேரும். ஒழுங்காகத் தராதவருக்கு மட்டும் அந்த 20 சதவீதம் தொடரும். இதற்குப் புதிய சட்டம் வேண்டும். அச்சட்டம் வரும் வரை தாயின் பங்கில் நூற்றுக்கு நான்கு கழிந்துகொண்டே இருக்கும்.